பெயர் கிரேக்கம், சரக்கு ரோமானியம்

அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். பதவிகளைக் குலுக்கல் போட்டு நிரப்பினால் அது ஜனநாயக வழி, தேர்தல் வைத்து நிரப்பினால் அது சிலராட்சி வழி என்று கருதப்படுகிறது, இதுதான் அந்த வரி. இதற்காக அவர் பெரிய வாதம் எதுவும் வைக்கவில்லை. ஊரறிந்த சங்கதியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வருகிறோமே, அதை அந்தக் கால ஏதென்ஸ்காரர் ஒருவரிடம் காட்டியிருந்தால் "ஓ, உங்கள் ஊரில் பணக்காரர்களும் பேர்பெற்ற குடும்பங்களும்தான் ஆள்கிறார்களா?" என்று கேட்டிருப்பார். கேள்வியில் தப்பும் இல்லை.

ஜனநாயகம் கிரேக்கத்தில் பிறந்து நேராக நம்மிடம் வந்து சேர்ந்தது என்ற பாடப்புத்தக வரியை நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பியிருந்தேன். கொஞ்சம் தோண்டினால் வேறு படம் தெரிகிறது. இன்றைய ஆட்சிமுறைக்கு ஏதென்ஸ் கொடுத்தது பெரும்பாலும் பெயர்ப்பலகைதான். கடைக்குள் அடுக்கியிருக்கிற சரக்கில் ரோமானியச் சரக்கே அதிகம். இந்தப் பெயரும் இந்தச் சரக்கும் எப்படி ஒன்று சேர்ந்தன என்ற கதை, 'பண்டைய கிரேக்கமும் ரோமும் நவீன உலகைச் செதுக்கின' என்ற பொதுப்படையான பேச்சைவிட எவ்வளவோ சுவாரசியமானது.

முதலில் ஏதென்ஸ். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் என்ற பிரபு குடும்பத்து ஆள் அந்த நகரத்தின் அமைப்பையே கலைத்துப் போட்டுத் திரும்ப அடுக்கினார். பழைய நான்கு குலங்கள் போய்ப் புதிதாகப் பத்துக் குலங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கடற்கரை ஊர், உள்நாட்டு ஊர், நகரப் பகுதி மூன்றும் கலந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார். ஒரு வட்டாரத்தின் பெரிய மனிதர் தன் ஆட்களை மொத்தமாகத் திரட்டிக்கொண்டு வர முடியாமல் செய்கிற ஏற்பாடு இது. குலத்துக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆலோசனை மன்றம், ஒரு வருடப் பதவி. இந்த 500 பேரும் பின்னாளில் குலுக்கலில்தான் வந்தார்கள். வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் யாரும் உட்கார முடியாது. அந்த மன்றத்தின் அன்றன்றைய தலைவர் பதவிதான் எனக்கு மிகவும் பிடித்த பதவி. அதன் காலம் ஒரு பகல், ஒரு இரவு. அந்த நேரத்துக்கு மட்டும் அரசு முத்திரையும் கருவூலம் இருந்த கோயில்களின் சாவியும் அவர் கையில் இருக்கும், மறுநாள் இன்னொருவர். ஒருமுறை இருந்தவர் மறுபடி அந்த இடத்துக்கு வரவே முடியாது. அப்படியானால் செருப்புத் தைக்கிறவரோ ஆலிவ் தோட்டக்காரரோ ஒருநாள் ஏதென்ஸ் அரசின் தலைவராக இருந்துவிட்டு மறுநாள் காலையில் தன் வேலைக்குப் போயிருப்பார்.

குலுக்கலுக்கு ஒரு கருவியே வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு கற்பலகை, அதில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள், பக்கவாட்டில் ஒரு குழாய். ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த தகட்டைக் கொடுப்பார், அது பிளவில் செருகப்படும். குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைக் கொட்டுவார்கள். ஒவ்வொன்றாக உருண்டு வெளியே விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க இன்றைக்கு நீதிமன்றத்தில் உட்காரும், கறுப்பு விழுந்தால் அந்த வரிசை வீட்டுக்குப் போகும். எந்த வழக்குக்கு யார் நீதிபதி என்று அன்று காலைவரை யாருக்குமே தெரியாது, ஆகவே யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்றும் தெரியாது. போதாததற்கு ஒரு வழக்குக்கு 201 பேர், 501 பேர் என்று உட்காருவார்கள். அத்தனை பேருக்கும் கொடுத்துக் கட்டுப்படியாகுமா?

குலுக்கல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் உட்கார வைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெயர் விழுந்தவரை முதலில் விசாரிப்பார்கள். அப்பா யார், அம்மா யார், எந்த ஊர், குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது, பெற்றோரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா, வரி கட்டினாயா, போருக்குப் போனாயா. பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை, அதில் சிக்கினால் வழக்கு. எல்லாப் பதவிக்கும் குலுக்கல் என்பதும் கிடையாது. படைத்தளபதிகள் பத்துப் பேரையும் கைதூக்கி வாக்களித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்கிளிஸ் வருடா வருடம் ஜெயித்தது அந்தப் பதவிக்குத்தான். சில நிதிப் பொறுப்புகளுக்கும் தேர்தல் உண்டு. அந்தப் பட்டியலில் இன்னொரு பதவியும் இருக்கிறது, ஊரின் நீரூற்றுகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர். போரும் பணமும் தண்ணீரும் மட்டும் விஷயம் தெரிந்தவர் கையில், மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அவர்களுடைய கணக்கு எனக்கு ரொம்பவே நியாயமாகப் படுகிறது. (குடவோலை ஞாபகம் வந்திருக்கும். அதற்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இரண்டு ஊர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த யோசனை, இடையில் ஆயிரம் வருடத்துக்கு மேல்.)

சரி, இவ்வளவு அழகாக இருந்ததென்றால் அதை ஏன் உலகம் பின்பற்றவில்லை? ஒரு காரணம், அது சறுக்கிய இடங்கள். கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் ஜெயித்துவிட்டு வந்த தளபதிகளை, புயலில் தத்தளித்த தங்கள் மாலுமிகளைக் காப்பாற்றவில்லை என்று மொத்தமாக நிறுத்தி ஒரே வாக்கெடுப்பில் தண்டித்தார்கள், ஊரில் இருந்த ஆறு பேருக்கும் மரணம். சட்டப்படி தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தை நடத்திய குழுவில் குலுக்கலில் வந்து உட்கார்ந்திருந்த சாக்ரட்டீஸ் அதைச் சொன்னார், எடுபடவில்லை. ஏழு வருடம் கழித்து, கி.மு. 399இல், அவருக்கே மரண தண்டனை கொடுத்தது அதே ஊர் நீதிமன்றம். அவரைவிட்டு வேறு உதாரணமும் உண்டு. ஒருவரை ஊரைவிட்டுப் பத்து வருடம் அனுப்ப வேண்டுமானால் மண்பாண்ட ஓட்டில் பெயரைக் கீறிப் போடலாம் என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது 190 ஓடுகள் கிடைத்தன, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தெமிஸ்டாக்ளிஸ் என்ற அரசியல் தலைவரின் பெயர். கையெழுத்தைப் பார்த்தால் சுமார் 14 பேர்தான் எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே எழுதிக் குவித்து வாக்காளரிடம் நீட்டுவதற்கு வைத்திருந்த ஓடுகள் என்பதுதான் பொருத்தமான விளக்கம். பூத் வாசல் வேலை எவ்வளவு பழசு பாருங்கள்.

பெண்களுக்கு ஓட்டு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. ஏதென்ஸ் அரசியலை இவ்வளவு அலசிய அரிஸ்டாட்டிலே வெளியூர்க்காரர்தான், அவராலும் அங்கே வாக்களிக்க முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏதென்ஸ் ஜனநாயகத்தைப் பற்றி எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பிடிக்காதவர்கள். பிளேட்டோவுக்குத் தன் ஆசிரியர் சாக்ரட்டீசைக் கொன்ற ஊர் மீது தீராத கசப்பு. துசிடிடீஸ் நாடு கடத்தப்பட்ட தளபதி. செனஃபன் ஸ்பார்ட்டா பக்கம் சாய்ந்தவர். அந்தக் கல் கருவியின் முன்னால் வரிசையில் நின்ற சாதாரண ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதிவைக்கவில்லை. விளைவு, அடுத்த இரண்டாயிரம் வருடம் படித்தவர்கள் மத்தியில் 'ஜனநாயகம்' என்றால் கும்பல் ஆட்சி என்றுதான் பொருள். நல்ல சொல்லாக அது மாறியதே மிக அண்மையில்தான்.

இப்போது ரோம். மன்னரை விரட்டிவிட்டு கி.மு. 509இல் குடியரசு அமைத்ததாக அவர்களே சொல்லிக்கொள்ளும் கதை. ஒரு மன்னருக்குப் பதில் இரண்டு கான்சல்கள், ஒரு வருடப் பதவி, ஒருவர் செய்வதை இன்னொருவர் தடுக்கலாம். இவர்களுக்குப் பக்கத்தில் செனட், அதாவது பெரியவர்கள் சபை. 'செனெக்ஸ்' என்றால் லத்தீனில் கிழவர். பிறகு சாமானியர்கள் சண்டை போட்டு வாங்கிய டிரிபியூன் பதவி. யாருடைய உத்தரவையும் குறுக்கே விழுந்து நிறுத்த அவருக்கு உரிமை உண்டு. 'வீட்டோ' என்ற லத்தீன் சொல்லுக்கு 'தடுக்கிறேன்' என்று பொருள், ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் இன்றைக்கும் அதே சொல்தான் ஓடுகிறது.

மக்கள் வாக்களித்தார்களா என்றால் வாக்களித்தார்கள். ஆனால் எப்படி? கான்சல்களைத் தேர்ந்தெடுத்த சபையில் குடிமக்களைச் சொத்து மதிப்புப்படி 193 பிரிவுகளாக வகுத்திருந்தார்கள், பிரிவுக்கு ஒரு வாக்கு. தொடக்கக் கால அமைப்பில் குதிரைப்படை வகுப்புக்கு 18, முதல் வகுப்புப் பணக்காரர்களுக்கு 80. கூட்டினால் 98, பெரும்பான்மை வந்துவிட்டது. அவர்கள் ஒன்றாக வாக்களித்துவிட்டால் மற்றவர்கள் முறை வருவதற்குள்ளேயே முடிவு தெரிந்துவிடும். சொத்தே இல்லாதவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு பிரிவில் அடைத்துவைத்தார்கள். அவர்களுக்குப் 'புரோலெட்டாரி' என்று பெயர், பெற்ற பிள்ளைகளைத் தவிர வேறு உடைமை இல்லாதவர்கள். பிற்காலத்தில் மார்க்ஸ் எடுத்து ஆண்டது அந்தச் சொல்லைத்தான், பாட்டாளி வர்க்கம் என்று நாம் தமிழில் சொல்கிறோமே, அது.

இந்த அமைப்பை உலகத்துக்கு விளக்கியவர் ஒரு கிரேக்கர் என்பது வேடிக்கை. கி.மு. 167இல் பணயக் கைதியாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட பாலிபியஸ். தன்னைப் பிடித்து வைத்திருக்கிற இந்த ஊர் எப்படிச் சுமார் ஐம்பது வருடத்துக்குள் கண்ணுக்கெட்டிய உலகத்தையெல்லாம் வளைத்துப்போட்டது என்று யோசித்து, ஒரு விடை சொன்னார். கான்சல்களிடம் மன்னராட்சியின் கூறு, செனட்டிடம் உயர்குடி ஆட்சியின் கூறு, மக்கள் சபைகளிடம் ஜனநாயகத்தின் கூறு, மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன, அதனால்தான் இந்த அமைப்பு சாயாமல் நிற்கிறது. ரோமில் நிஜமாகவே அவ்வளவு சமநிலை இருந்ததா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்த விளக்கம் நன்றாக விலைபோனது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ 1748இல் அதிகாரப் பிரிவினை பற்றி எழுதியபோதும், அமெரிக்கத் தலைவர் ஜான் ஆடம்ஸ் தன் நாட்டு மாநிலங்களின் அரசமைப்புகளுக்கு வக்காலத்து வாங்கியபோதும் பாலிபியஸ் படித்த கைகளால்தான் எழுதினார்கள்.

அமெரிக்கர்கள் இதை ஒளித்துமறைத்துச் செய்யவில்லை. புதிய அரசமைப்பை ஆதரித்து 1787-88இல் ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் எழுதிய 85 கட்டுரைகளுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் பப்ளியஸ், ரோமானியக் குடியரசின் தொடக்கக் காலத் தலைவர் ஒருவரின் பெயர். மேல்சபைக்கு செனட் என்று பெயர், அது கூடுகிற கட்டடத்துக்கு ரோமின் கேப்பிட்டோலைன் குன்றின் பெயர். ஏதென்ஸை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அந்தக் கட்டுரைகளில் 55ஆவதைப் படித்தால் தெரியும். ஏதென்ஸ் குடிமகன் ஒவ்வொருவரும் சாக்ரட்டீசாகவே இருந்திருந்தாலும் ஏதென்ஸ் சபை ஒரு கும்பலாகத்தான் இருந்திருக்கும் என்கிறது அது. மக்களை நேரடியாக ஆட்சியில் உட்கார விடக்கூடாது, அவர்கள் தேர்ந்தெடுக்கிறவர்கள் மட்டும் உட்கார வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, தங்கள் திட்டத்தின் சிறப்பாகவே சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்க அரசமைப்பைத் தலை முதல் கால் வரை படித்தாலும் அதில் 'ஜனநாயகம்' என்ற சொல் கிடையாது.

அந்தத் திட்டத்தின் சாயல் நம் ஊர்வரைக்கும் வந்திருக்கிறது. மக்களவையில் உட்கார 25 வயது, மாநிலங்களவையில் உட்கார 30 வயது என்று நம் அரசமைப்பு வைத்திருப்பது ஏன்? மேல்சபை என்றால் வயதில் மூத்தவர்கள் என்ற பழைய செனட் வாடை. அமெரிக்காவிலும் அதே 25, அதே 30தான்.

அப்படியென்றால் ஏதென்ஸின் பெயர் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? 19ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் ஜார்ஜ் குரோட் என்று ஒரு வங்கிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றவர். அவர் 1846 முதல் 1856 வரை 12 தொகுதிகளில் கிரேக்க வரலாறு எழுதினார். அதில் ஏதென்ஸ் மக்கள் கும்பல் அல்ல, தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளக் கற்றவர்கள் என்று ஒரேயடியாகப் புரட்டிப் போட்டார். வாக்குரிமை விரிந்துகொண்டிருந்த காலம் அது, சாமானியனுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது, ஆகவே புத்தகம் சரியான நேரத்தில் வந்து விழுந்தது. (பிரிட்டனில் இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் 1872இல் வந்தது. குரோட் முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். ரோமானியர்கள் கி.மு. 139இலேயே அதைக் கொண்டுவந்துவிட்டார்கள்.) கொஞ்சம் கொஞ்சமாக, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிற ரோமானியச் சாயல் கொண்ட அமைப்புக்கு ஜனநாயகம் என்ற கிரேக்கப் பெயர் நிலைத்துவிட்டது. நம் அரசமைப்பின் முகப்புரையில் இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஜனநாயகக் குடியரசு. ஆங்கில மூலத்தில் பார்த்தால் முதல் சொல்லின் வேர் கிரேக்கம், இரண்டாவதன் வேர் லத்தீன்.

இதில் எல்லாரும் கவனிக்காமல் விடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. ஏதென்ஸ் அரசு நிஜத்தில் எப்படி இயங்கியது, குலுக்கல் எப்படி நடந்தது, எந்தப் பதவிக்கு எப்படி ஆள் எடுத்தார்கள் என்று விவரமாகச் சொல்கிற நூல், அரிஸ்டாட்டிலோ அவருடைய மாணவரோ எழுதியது, தொலைந்துபோயிருந்தது. எகிப்தில் ஒரு பண்ணையின் வரவுசெலவுக் கணக்கு எழுதிய பப்பைரஸ் சுருள்களின் பின்பக்கத்தில் யாரோ அதைப் பிரதி எடுத்துவைத்திருந்தார்கள். அது பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து, 1891இல் அச்சானது. அந்தக் கற்பலகைகள் இன்னதுக்குத்தான் என்று அடையாளம் கண்டது அதற்கும் பிறகு, 1930களில். அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்களும் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களும் குரோட்டும் இந்தக் கையேட்டைப் பார்க்காமலே ஏதென்ஸைத் திட்டினார்கள், புகழ்ந்தார்கள்.

ஆட்சிமுறையை விடுங்கள், ரோமின் கை நிஜமாகவே நம் தோளில் இருப்பது சட்டத்தில். அதுவும் நாம் எதிர்பார்க்காத ஒரு ஊரில்.

கி.பி. 530இல், மேற்கு ரோமப் பேரரசு விழுந்து ஐம்பது வருடத்துக்குப் பிறகு, கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பேரரசர் ஜஸ்டினியன் தன் அமைச்சர் டிரைபோனியனிடம் ஒரு பைத்தியக்கார வேலையைக் கொடுத்தார். பல நூற்றாண்டுகளாகச் சட்ட அறிஞர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் படித்துத் தேவையானதை மட்டும் தொகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 2,000 புத்தகங்கள், 30 லட்சம் வரிகள் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். மூன்றே வருடத்தில் அதை ஒன்றரை லட்சம் வரிகளாகச் சுருக்கி 533இல் முடித்துவிட்டார்கள். டைஜஸ்ட் என்று அதற்குப் பெயர். அப்புறம் மேற்கு ஐரோப்பா அதை மறந்தேபோனது. இத்தாலியில் பீசா நகரத்தில் ஒரு பழைய பிரதி தப்பியிருந்தது (1406இல் ஃபுளோரன்ஸ்காரர்கள் பீசாவைப் பிடித்தபோது அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறது). 1100ஐ ஒட்டி பொலோனாவில் இர்னேரியஸ் என்பவர் அந்த நூலை வரிவரியாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்து குவிந்தார்கள். ஊர்க்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். வந்தவர்கள் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள், அதற்கு வைத்துக்கொண்ட பெயர் தாங்கள் படித்த அதே சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தது, 'யுனிவர்சிட்டாஸ்'. பல பேர் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாக நிற்கிற அமைப்பு என்று பொருள். அந்த அமைப்புக்கு வரவேண்டிய கடன் தனித்தனி உறுப்பினர்களுக்கு வரவேண்டியது ஆகாது என்று டைஜஸ்டில் அல்பியன் என்ற அறிஞர் சொல்கிறார். பல்கலைக்கழகமும் கம்பெனியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்த நூல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. சிலர் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாவிதர் ஒரு அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பந்து வேகமாக வந்து நாவிதரின் கையில் பட, கத்தி அடிமையின் கழுத்தை அறுத்துவிடுகிறது. யார் பொறுப்பு? புரோக்குலஸ் என்ற அறிஞர், ஜனநடமாட்டமும் விளையாட்டும் உள்ள இடத்தில் கடை போட்ட நாவிதர் மேல்தான் தவறு என்கிறார். ஆனால் ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டிருக்கிற நாவிதரிடம் கழுத்தை நீட்டியவரும் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்று சொல்லவும் இடமிருக்கிறது என்கிறது நூல். கவனக்குறைவு, முன்கூட்டி யோசித்திருக்க வேண்டிய கடமை, பாதிக்கப்பட்டவரின் பங்கு, இன்று ஒரு விபத்து வழக்கில் வக்கீல்கள் அடித்துக்கொள்கிற மூன்றும் ஒரே பத்தியில் இருக்கின்றன. அடிமை ஒரு உயிர் என்பதைவிட உடையவரின் சொத்து என்பதுதான் அங்கே கேள்வி என்பதையும் கவனியுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சட்டம் டச்சு நாட்டுக்குப் போய் அந்த ஊர் வழக்கத்தோடு கலந்தது. அதை ஒழுங்குபடுத்தி எழுதியவர்களில் முக்கியமானவர் ஹியூகோ கிரோஷியஸ். அரசியல் தகராறில் ஆயுள் தண்டனை பெற்று லூவஸ்டைன் கோட்டையில் அடைபட்டிருந்தபோது எழுதினார், 1621இல் புத்தகம் கொண்டுவருகிற பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார், நூல் 1631இல் வெளிவந்தது. அந்தச் சட்டத்தை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றிக்கொண்டு போன இடங்களில் இரண்டு, நன்னம்பிக்கை முனையும் இலங்கையும். காலி 1640, கொழும்பு 1656, யாழ்ப்பாணம் 1658. 1796இல் கரையோரம் முழுக்க பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது, ஆனால் 1799 பிரகடனத்தில் டச்சுக்காலச் சட்டமே தொடரும் என்று அறிவித்துவிட்டார்கள். இதற்கிடையில் ஹாலந்துக்கு நெப்போலியன் வந்தார், 1809இல் அவருடைய சட்டத்தொகுப்பு வந்தது, பழைய ரோமன்-டச்சுச் சட்டம் பிறந்த வீட்டிலேயே செத்துப்போனது. இன்றைக்கு அது முக்கியமாக உயிரோடு இருப்பது தென்னாப்பிரிக்காவிலும் அதன் அக்கம்பக்கத்து நாடுகளிலும் இலங்கையிலும்தான்.

யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்து விவகாரம் தேசவழமை என்ற வழக்கச் சட்டப்படி நடப்பது தெரிந்ததே. முதுசம் (முன்னோர் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்த சொத்து) என்று அந்தச் சட்டத்தின் சொற்கள் எல்லாம் தமிழ். 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதை எழுத்தில் தொகுத்தார், தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள், 1806இல் பிரிட்டிஷ் அரசு அதற்குச் சட்ட வலு கொடுத்தது. சரி, தேசவழமை ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால்? அந்த இடத்தில் ரோமன்-டச்சுச் சட்டம் வந்து உட்காரும். கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால் நட்ட ஈடு கேட்டு இலங்கையில் போடுகிற வழக்குக்கு அடிப்படை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் இயற்றிய அக்விலியா சட்டத்தின் வழித்தோன்றல். அந்த நாவிதர் கதை வருவதும் அந்தச் சட்டத்துக்கான விளக்கத்தில்தான். ரோமிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள், அங்கிருந்து பொலோனா, ஹாலந்து, காலித் துறைமுகம் என்று சுற்றி வந்து சுன்னாகத்து வேலித் தகராறுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்தியாவில் நாம் ஆங்கிலேயச் சட்ட வழி, ஆகவே ரோமின் வாசனை குறைவு. ஆனால் அங்கங்கே எட்டிப்பார்க்கும். பியாஸ் நதியின் ஓட்டத்தை ஒரு விடுதிக்காகத் திருப்பியது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பு, ஆறும் கரையும் அரசு பொதுமக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவை, தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்றது. அதற்கு வேர் தேடி ரோமப் பேரரசுக்கே போனது. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாருக்கும் பொது என்று ஜஸ்டினியனின் பாடநூலில் ஒரு வரி இருப்பது உண்மை. ரோமானியர்கள் அதை அரசைக் கட்டுப்படுத்துகிற கோட்பாடாக வைத்திருந்தார்களா என்பதில் சட்ட வரலாற்றாசிரியர்களிடம் தகராறு உண்டு. என்னைக் கேட்டால் இல்லை என்பேன். அந்த ஒற்றை வரியை எடுத்துப் பெரிய கோட்பாடாக வளர்த்தது பின்னால் வந்தவர்கள், முக்கியமாக அமெரிக்கர்கள்.

அடிமை விஷயத்துக்கு வருகிறேன். இயற்கைச் சட்டப்படி எல்லாரும் சுதந்திரமாகவே பிறக்கிறார்கள் என்று எழுதியவரும் அல்பியன்தான். அதே டைஜஸ்டில் அடிமையை வாங்குவது, விற்பது, ஓடிப்போனால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் வாதம் அவரோடு சாகவில்லை. 1550இல் ஸ்பெயினின் வயடோலிடில், அமெரிக்கப் பழங்குடிகளைப் போரிட்டு அடக்குவது நியாயமா என்று அரசரே ஏற்பாடு செய்த விவாதத்தில் செபுல்வேடா என்ற அறிஞர் அந்த வாதத்தைத்தான் கையில் எடுத்தார், எதிர்த்து நின்றவர் லாஸ் காசாஸ் என்ற பாதிரியார். முந்நூறு வருடம் கழித்து அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர்களும் அதே அரிஸ்டாட்டிலைப் புரட்டினார்கள். அடிமை ஒழிப்புக்காரர்கள் இயற்கை உரிமை என்று பேசியபோது அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ரோமானியச் சட்டம் இருந்தது. பண்டைய சிந்தனை நவீன உலகைச் செதுக்கியது என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஏதென்ஸிடமிருந்து எடுக்காமல் விட்ட அந்தக் குலுக்கல் என்ன ஆனது? கடந்த இருபது வருடத்தில் மெல்லத் திரும்பி வருகிறது. அயர்லாந்தில் கருக்கலைப்பு என்பது எந்தக் கட்சியும் கைவைக்கப் பயந்த விஷயம். 2016இல் 99 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் மாதிரியான முறையில் தேர்ந்தெடுத்து, வயது, ஆண் பெண், வட்டாரம் எல்லாம் நாட்டின் விகிதத்துக்கு ஒத்துவரும்படி பார்த்து, ஒரு நீதிபதியைத் தலைவராகப் போட்டு, வார இறுதிகளில் உட்கார வைத்தார்கள். மருத்துவர்கள், வக்கீல்கள், இரண்டு தரப்பு இயக்கத்தினர் எல்லாரும் வந்து பேசினார்கள். அரசியல்வாதிகள் எதிர்பார்த்ததைவிடத் துணிச்சலான பரிந்துரை வந்தது. 2018 மே 25 அன்று பொது வாக்கெடுப்பு, 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். பெல்ஜியத்தில் ஜெர்மன் பேசுகிற சின்னப் பகுதி ஒன்று 2019இல் இன்னும் ஒரு படி மேலே போனது. குலுக்கலில் வந்த 24 பேர் கொண்ட நிரந்தர மன்றம், ஒன்றரை வருடப் பதவி, எந்தப் பிரச்சினையை மக்கள் குழு விவாதிக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள்தான். தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமும் பக்கத்திலேயே இருக்கிறது, பரிந்துரையை ஏற்காவிட்டால் ஏன் என்று அது காரணம் சொல்ல வேண்டும்.